தொப்புள்கொடி சவ்வில் சேர்ந்திருக்கிறது என்கிறது ஸ்கேன்: இனி என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் கர்ப்பம், இப்போது 21 வாரம். போன வாரம் எடுத்த அனாமலி ஸ்கேனில் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘வெலமென்டஸ் கார்டு இன்செர்ஷன்’ என்று ஒரு வரி இருக்கிறது. பிளாசென்டா பின்பக்கம், கருப்பை வாயிலிருந்து 3 செ.மீ. தள்ளி என்றும் எழுதியிருக்கிறது. டாக்டர் “பார்த்துக்கலாம்மா, பயப்படாதீங்க” என்பதோடு நிறுத்திவிட்டார். ராத்திரி நெட்டில் தேடினால் குழந்தை இறந்துபோகும் என்பதுவரை வருகிறது. மாமியார், கையைத் தூக்கி எதையும் எடுக்காதே, கொடி சுத்திக்கும் என்கிறார். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுப் படுத்தே இருக்கிறேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் கிராமத்துக்குப் பிரசவத்துக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. போகலாமா? சுகப்பிரசவம் ஆகுமா? நான் செய்த ஏதோ தவறால்தான் இப்படி ஆனதா? அடுத்த குழந்தைக்கும் வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் படுக்கையை விட்டு எழுந்திருங்கள். படுத்திருப்பதால் கொடி இடம் மாறப்போவதில்லை. நடப்பதாலும் மாடி ஏறுவதாலும் அதற்கு எந்தக் கெடுதலும் வராது. உண்மையில், கர்ப்ப காலத்தில் வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் கால் நரம்புகளில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். நீங்கள் மாற்ற வேண்டியது அன்றாட வாழ்க்கையை அல்ல. இனி எந்தெந்த ஸ்கேன் எடுக்க வேண்டும், எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்க்க வேண்டும் என்ற திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றியதுதான்.

உங்களுக்கு என்ன இருக்கிறது என்பதை டாக்டர் விளக்கியிருந்தாலே பாதி பயம் போயிருக்கும். தொப்புள்கொடியின் ஒரு முனை குழந்தையின் வயிற்றில், மறுமுனை நஞ்சில். நஞ்சு என்று நம் ஊரில் சொல்வதைத்தான் ரிப்போர்ட் பிளாசென்டா என்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் கொடி நஞ்சின் நடுவிலோ நடுவுக்குச் சற்றுத் தள்ளியோ சேரும். சிலருக்கு, பனையோலை விசிறிக்குப் பிடி இருப்பதுபோல, நஞ்சின் ஓரத்தில் சேரும். அதற்கு ‘மார்ஜினல்’ என்று பெயர். நூறு கர்ப்பங்களில் ஏறக்குறைய ஏழில் இது உண்டு. பெரும்பாலும் தொந்தரவு தராது. உங்களுக்கு இருப்பது அதற்கும் ஒரு படி அப்பால். கொடி நஞ்சை நேராகத் தொடாமல், பனிக்குடத்தின் சவ்வில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ரத்தக்குழாய்கள் தனித்தனியாகப் பிரிந்து, சவ்வின் மேலேயே கொஞ்ச தூரம் ஓடி, நஞ்சுக்குள் நுழைகின்றன. ஒற்றைக் குழந்தைக் கர்ப்பங்களில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று இப்படி. ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டைக் குழந்தைகளில் இது பல மடங்கு அதிகம்.

இதில் கவலைக்குரிய பகுதி அந்தக் ‘கொஞ்ச தூரம்’தான். கொடிக்குள் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி வழவழப்பான, கெட்டியான ஒரு பொருள் மெத்தைபோல நிரம்பியிருக்கும். 1656-ல் அதை முதலில் விவரித்த தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் பெயரால் வார்ட்டன் ஜெல்லி என்கிறோம். கொடி முறுக்கினாலும் மடங்கினாலும் குழந்தை அழுத்தினாலும் ரத்த ஓட்டம் நிற்காமல் காப்பது அதுதான். சவ்வில் ஓடும் குழாய்களுக்கு அந்தக் காப்பு இல்லை. அதனால் அவை எளிதில் அழுந்தலாம். அரிதாகக் கிழியவும் செய்யலாம்.

கவனியுங்கள், இந்த வித்தியாசம் எல்லாம் நஞ்சின் பக்கத்து முனையில். குழந்தையின் தொப்புளில் ஒரு கோளாறும் இல்லை. பிறந்தபின் மற்றக் குழந்தைகளுக்குப் போலவே கொடி காய்ந்து விழும்.

நீங்கள் ஏதாவது செய்ததால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கரு கருப்பையில் பதிந்து நஞ்சு உருவாகத் தொடங்கும் ஆரம்ப வாரங்களிலேயே இதற்கான அடித்தளம் விழுந்துவிடுகிறது. பலருக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே. அதன்பிறகு நஞ்சு, ரத்த ஓட்டம் நன்றாக உள்ள பக்கமாக வளர்ந்து, ஓட்டம் குறைந்த பக்கத்தில் சுருங்கும். அப்படிச் சுருங்கும்போது கொடி சேர்ந்த இடம் விளிம்புக்கோ விளிம்பைத் தாண்டியோ போய்விடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஐவிஎஃப் மூலம் கருத்தரித்தவர்களுக்கும், நஞ்சு கீழே இறங்கியோ இரண்டு துண்டாகவோ அமைந்தவர்களுக்கும் கொஞ்சம் அதிகமாக வருகிறது. நீங்கள் சாப்பிட்டது, வண்டியில் போனது, வேலைக்குப் போனது எதற்கும் இதில் பங்கில்லை.

உங்கள் மாமியாருக்கும் ஒரு வார்த்தை. கையைத் தூக்கினால் கொடி சுற்றிக்கொள்ளும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லப்படுவது, உங்கள் மேலுள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றுவது குழந்தை உள்ளே உருண்டு புரள்வதால். அம்மா பரணில் இருந்து டப்பா எடுப்பதால் அல்ல. பிறக்கும் குழந்தைகளில் நான்கைந்தில் ஒன்றுக்குக் கொடி சுற்றியே இருக்கிறது, பெரும்பாலும் பத்திரமாகவே பிறக்கின்றன. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பதற்கும் எந்த ஆதாரமும் கிடையாது. உங்கள் விஷயம் வேறு, அது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம்.

சரி, உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். மறைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நெட்டில் படித்ததைவிடத் தெளிவாகத் தெரிந்துகொள்வதே உங்களுக்கு நல்லது.

சவ்வில் ஓடும் அந்தக் குழாய்கள் கருப்பையின் மேல்பக்கமோ பக்கவாட்டிலோ இருந்தால் பெரிய பிரச்சினை வருவது அரிது. அவையே கருப்பை வாயின் மேல், அல்லது அதற்கு 2 செ.மீ. தூரத்துக்குள், குழந்தையின் தலைக்கும் கருப்பை வாய்க்கும் நடுவில் ஓடினால் அதற்கு ‘வாசா பிரீவியா’ என்று பெயர். பனிக்குடம் உடையும்போது சவ்வோடு சேர்ந்து குழாயும் கிழியலாம். அப்போது வெளியேறுவது அம்மாவின் ரத்தம் அல்ல, குழந்தையின் ரத்தம். 3 கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 250 முதல் 300 மில்லிதான். நீங்கள் நெட்டில் பார்த்த பயங்கரமான செய்திகளில் பல, இந்த நிலை முன்கூட்டியே தெரியாமல் போனவர்களுடையவை.

இது 1200 முதல் 2500 கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. கொடி சவ்வில் சேர்ந்தவர்களிலும் மிகச் சிலருக்கே. முன்பே தெரிந்துவிட்டால் கதையே மாறிவிடும். 155 வாசா பிரீவியா கர்ப்பங்களைத் தொகுத்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேனில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டவர்களின் குழந்தைகளில் 97 சதவீதம் பிழைத்தன. பிரசவ நேரம்வரை தெரியாமல் இருந்தவர்களிடத்தில் 44 சதவீதம்தான். வித்தியாசம் முழுக்க ஒரு ஸ்கேனில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரியை எழுதிய ஸ்கேன் டாக்டருக்கு மனதாரப் பாராட்டு. எங்கே தேட வேண்டும் என்று அவர் காட்டிவிட்டார்.

ஆனால் அதே ரிப்போர்ட்டில் ஒரு முக்கியமான வரி இல்லை. நஞ்சின் விளிம்பு வாயிலிருந்து 3 செ.மீ. என்று இருக்கிறது, நல்லது. 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் நஞ்சு கீழே இறங்கியதாகக் கணக்கில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் குழாய்கள் நஞ்சுக்கு வெளியே ஓடுகின்றன. ஆகவே நஞ்சு எங்கே முடிகிறது என்பது மட்டும் போதாது. குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று தெரிய வேண்டும். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இதையே கேளுங்கள்: “டாக்டர், கொடி எந்த இடத்தில் சவ்வில் சேருகிறது? அங்கிருந்து வரும் குழாய் கருப்பை வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதா? கலர் டாப்ளர் போட்டுப் பார்த்தீர்களா?” ரத்த ஓட்டத்தை நிறங்களாகக் காட்டும் ஸ்கேன் முறைதான் கலர் டாப்ளர். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் அந்த இடம் பல சமயம் சரியாகத் தெரியாது. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். அதைச் செய்யக் கூச்சமோ பயமோ வேண்டாம். அது கருப்பை வாய்க்குள் போவதில்லை, குழந்தையைத் தொடுவதுமில்லை. கூட ஒரு பெண் செவிலியர் இருக்கட்டும் என்று கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாய்க்குப் பக்கத்தில் குழாய் இல்லை என்று உறுதியானால், கவலையில் பெரும்பகுதி அன்றே தீர்ந்தது. பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். கருப்பையின் கீழ்ப்பகுதி போகப்போக நீண்டு வளர்வதால் சிலருக்குக் குழாய் தானாகவே மேலே விலகிவிடும். அதை 32 வார வாக்கில் திரும்பப் பார்த்து உறுதிசெய்வார்கள். அப்போதும் விலகாவிட்டால், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி, 30 வாரத்துக்கு மேல் மருத்துவமனையிலோ அதன் பக்கத்திலோ தங்குவது, வலி வருவதற்கு முன்பே 34 முதல் 37 வாரத்துக்குள் சிசேரியன் என்று திட்டம் போடுவார்கள். அந்த நிலையில் சுகப்பிரசவத்துக்கு முயலக் கூடாது. தாம்பத்திய உறவையும் தவிர்க்கச் சொல்வார்கள். குழாய் விலகியிருப்பவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு ஏதும் இல்லை.

இரண்டாவது கவலை குழந்தையின் வளர்ச்சி. சவ்வில் ஓடும் குழாய்கள் வழியாகப் போகும் ரத்தம் சிலருக்குக் குறைவாக இருக்கலாம். அதனால் எடை குறைந்த குழந்தை, குறைமாதப் பிரசவம், பிரசவத்தின்போது இதயத்துடிப்பில் மாற்றம் ஆகியவை மற்றவர்களைவிடச் சற்று அதிகம். வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் கூடிய பிறகும் அது சிறிய எண்தான், பெரும்பாலான குழந்தைகள் நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறக்கின்றன. டேப் வைத்து வயிற்றை அளப்பதை மட்டும் நம்பாமல் 28, 32, 36 வாரங்களில் வளர்ச்சி ஸ்கேன் எடுத்து, எடை ஏறும் வேகத்தையும் கொடியின் ரத்த ஓட்டத்தையும் டாப்ளரில் பார்க்கச் சொல்லுங்கள். எடை ஏறுவது தளர்ந்தால் இடைவெளியைக் குறைப்பார்கள். கொடியில் மூன்று குழாய்களும் இருக்கின்றனவா என்று உங்கள் அனாமலி ரிப்போர்ட்டிலேயே பாருங்கள். சிலருக்கு ஒரு தமனி மட்டும் இருக்கும், அப்படியானால் வளர்ச்சியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். குங்குமப்பூ, புரோட்டீன் பவுடர் என்று யாராவது வாங்கித் தந்தால் கொடிக்காக என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம். கொடி சேர்ந்த இடத்தை எந்த உணவும் மருந்தும் மாற்றாது. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள், அதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்களாகவே செய்ய வேண்டிய கண்காணிப்பு ஒன்று உண்டு. 28 வாரத்திலிருந்து குழந்தையின் அசைவைத் தினமும் கவனியுங்கள். சாப்பிட்டுவிட்டு இடதுபுறம் சாய்ந்து படுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வருகிறதா என்று பாருங்கள். எண்ணிக்கையைவிட உங்கள் குழந்தையின் வழக்கம்தான் முக்கியம். வழக்கமாகத் துள்ளும் நேரத்தில் மந்தமாக இருந்தால் “நாளைக்குப் பார்ப்போம்” என்று இருக்காமல், அன்றே போய் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து பாருங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பினால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ரத்தம் துளி பட்டாலும், பனிக்குடம் உடைந்த நீர் சிவப்பாக வந்தாலும், ராத்திரியாக இருந்தாலும், வீட்டில் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த மருத்துவமனைக்கு வேண்டுமானாலும் போகாமல், ஆபரேஷன் தியேட்டர் உள்ள இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இனி அம்மா வீட்டு விஷயம். தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்குப் போவது வெறும் சடங்கு அல்ல, அம்மாவின் பக்கத்தில் இருப்பது பெரிய தெம்பு. அதை வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. வளைகாப்பும் தாராளமாக நடக்கட்டும். ஆனால் வளைகாப்புக்கு அடுத்த நாள் பெட்டியோடு கிளம்பி, அங்கே போய் டாக்டர் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எனக்குச் சம்மதமில்லை. ஏழாம் மாதத்தில் ஊர் மாறும்போதுதான் ஒரு டாக்டருக்குத் தெரிந்த விஷயம் அடுத்த டாக்டருக்குப் போய்ச் சேராமல் போகிறது. குழாய் எங்கே இருக்கிறது என்று தெளிவாகும்வரை திருப்பூரிலேயே இருங்கள். விலகி இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிய பிறகு போகலாம். போவதற்கு முன்பே அங்கே பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையில் ஒரு முறை காட்டிப் பதிந்துவிடுங்கள்.

அந்த மருத்துவமனை கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமாக இருக்கக் கூடாது. அங்கே உள்ளவர்கள் அன்பானவர்கள், சாதாரணப் பிரசவத்தை அருமையாகப் பார்ப்பார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது 24 மணி நேரமும் சிசேரியன் செய்யும் வசதி, மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. அரசு மருத்துவமனைகளில் சீமாங் மையம், அதாவது அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம், உள்ளவற்றில் இது உண்டு. உங்கள் ஊருக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். தனியாருக்குப் போவதானால் இதே வசதிகள் இருக்கின்றனவா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் உங்கள் பிக்மி எண்ணை (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது தந்த எண்) கொடுத்து, ‘ஹை ரிஸ்க்’ பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வார்த்தையைக் கேட்டு வீட்டில் அழ வேண்டாம். அந்தப் பட்டியலில் இருப்பதால் உங்களுக்குக் கூடுதலாக ஒரு ஆள் போன் செய்து விசாரிப்பார், அவ்வளவுதான். தாய் சேய் அட்டையின் முன்பக்கத்தில் ‘கொடி சவ்வில் சேர்ந்துள்ளது’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வலி வந்து போகும்போது டியூட்டியில் இருப்பவர் உங்களை முதன்முறையாகப் பார்ப்பவராக இருக்கலாம்.

சுகப்பிரசவம் ஆகுமா? வாய்க்குப் பக்கத்தில் குழாய் இல்லாமல், குழந்தையின் எடையும் சரியாக இருந்தால், ஆகும். கொடி சவ்வில் சேர்ந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் தேவையில்லை. அப்படி யாராவது 37 வாரத்திலேயே தேதி குறித்தால் காரணம் கேளுங்கள், நியாயமான காரணமும் இருக்கலாம். என்னிடம் வருபவர்களுக்கு நான் 40 வாரத்தைத் தாண்ட விடுவதில்லை. வலி எடுத்ததும் குழந்தையின் இதயத்துடிப்பை விட்டுவிட்டுக் கேட்காமல் மெஷின் போட்டுத் தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டும். பனிக்குடத்தை அவர்களே உடைத்துவிடுவதாக இருந்தால், அதற்கு முன் உங்கள் கொடி விஷயத்தை உங்கள் வாயால் இன்னொரு முறை சொல்லுங்கள். துடிப்பு சரிந்தால் நடுவில் சிசேரியனுக்கு மாற வேண்டி வரலாம். அந்த வாய்ப்பு உங்களுக்குச் சற்று அதிகம் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொண்டால் அந்த நேரத்தில் தடுமாற்றம் இருக்காது.

பலர் சொல்ல மறந்துவிடும் ஒன்று, குழந்தை பிறந்த பிறகு வருவது. நஞ்சை வெளியே எடுக்கக் கொடியைப் பிடித்து மெல்ல இழுப்பது வழக்கம். உங்களுக்குக் கொடி சேர்ந்திருப்பது மெல்லிய சவ்வில். அவசரப்பட்டு இழுத்தால் கொடி அறுந்து வந்து, நஞ்சு உள்ளேயே நின்றுவிடலாம். அப்போது மயக்கம் கொடுத்துக் கையால் எடுக்க வேண்டியிருக்கும், ரத்தப்போக்கும் கூடும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். ரத்தம் கொஞ்சம் போனாலும் தாங்கும் உடம்போடு பிரசவ அறைக்குள் போக வேண்டும். 28 வாரத்திலும் 36 வாரத்திலும் ஹீமோகுளோபின் பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கூட்டவோ ஊசியாக ஏற்றவோ நேரம் இருக்கிறது. உங்கள் ரத்த வகை ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் அதையும் அட்டையில் எழுதிவையுங்கள்.

லீவைப் பற்றி: ரத்தக்கசிவு இல்லை, உங்கள் டாக்டரும் தனியாக எதுவும் தடுக்கவில்லை என்றால், அடுத்த வாரமே வேலைக்குப் போகலாம். பேறுகால விடுப்பையும் சம்பளத்தையும் கடைசி மாதத்துக்கும் குழந்தை பிறந்த பிறகுக்கும் சேர்த்துவையுங்கள், அப்போதுதான் அதிகம் தேவைப்படும். நடங்கள், சமையுங்கள், பரணில் இருந்து டப்பாவையும் எடுங்கள். ஸ்டூல் மேல் ஏறி மட்டும் வேண்டாம், அது விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்துத் தூங்குங்கள். இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சொல்வதுதான். ராத்திரி நெட்டில் தேடுவதை நிறுத்திவிட்டு, கேள்விகளை ஒரு தாளில் எழுதிவைத்து, செக்கப்புக்குப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். “பார்த்துக்கலாம்மா” என்று டாக்டர் மறுபடியும் சொன்னால், “எப்படிப் பார்ப்பீங்க டாக்டர், எந்த வாரம் என்ன ஸ்கேன்?” என்று தயங்காமல் கேளுங்கள். கூட்டம் நிறைந்த ஓபியில் கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டிருந்தீர்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான், இருந்தாலும் பெரும்பாலோருக்குத் திரும்ப வருவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் 20 வார ஸ்கேன் செய்பவரிடம், முதல் குழந்தைக்கு இப்படி இருந்தது, கொடி சேரும் இடத்தைப் பார்த்து எழுதுங்கள் என்று சொன்னால் போதும். இந்தப் பிரசவம் முடிந்ததும் நஞ்சைப் பார்த்து, கொடி சேர்ந்த விதத்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் குறிக்கச் சொல்லி, அதைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.